வராத விருந்தாளிகள்

"அம்மா, நாளைக்கு உனக்குப் பரீட்சைன்னு சாமிக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் குட்டி மிர்தோ.

அன்று அப்பா ஸ்டெலியோஸின் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். அழைக்காமலே சொந்தமெல்லாம் வாழ்த்த வரும். எல்லோருக்கும் காப்பியும் இனிப்பும் கொடுக்க வேண்டும். மாலைப் பள்ளியில் படிக்கும் அம்மா எவந்தியா, கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தட்டுகளை அடுக்கினாள்.

ஒருவரும் வரவில்லை.

"நான் படிக்கிறது உங்க ஆளுங்களுக்குப் பிடிக்கல" என்றாள் கண்கலங்கி.

"போன வருஷம் உன் காப்பியைக் குடிச்சவங்கதானே, பயந்திருப்பாங்க. நீ புத்தகத்தை எடு" என்று சிரித்தான் ஸ்டெலியோஸ்.

மறுநாள் பரீட்சையை நன்றாக எழுதிவிட்டுத் திரும்பியவளை, ஸ்டெலியோஸின் சித்தப்பா தெருவில் பார்த்தார்.

"பெயிண்ட் காஞ்சிருச்சாம்மா?"

"என்ன பெயிண்ட் மாமா?"

"வீடு பூரா பெயிண்ட் அடிச்சிருக்கு, உள்ளே உட்கார முடியாதுன்னு கீழ்வீட்டுக் கலியோப்பி வாசல்லயே மறிச்சிட்டாளே. எங்க எல்லாருக்கும் காப்பி, பலகாரம் அவ வீட்லதான்."

எவந்தியா கீழ்வீட்டுக்கு ஓடினாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மூட்டுவலிக்காரியான கலியோப்பி, சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்கத் தேவாலயம் போயிருந்தாள். தொட்டி நிறைய எச்சில் கோப்பைகள்.

அவள் திரும்பி வருவதற்குள் அத்தனையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எவந்தியா சத்தமில்லாமல் மாடியேறினாள்.