மேல்கட்டில் காலி

துபாய் சத்வாவில் எங்களைப் போன்ற பிலிப்பினோ பெண்கள் அறையை வாடகைக்கு எடுப்பதில்லை, கட்டிலைத்தான் எடுப்போம். அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டுக்கு வாடகை அதிகம்; சுற்றித் திரை கட்டிக்கொள்ளலாம். மேல்தட்டு மலிவு, ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஒரு தட்டுக்கு ஓர் ஆள்தான். மேலே இருப்பவர் புரண்டால், பலகை வளைவது கீழே படுத்திருப்பவருக்குத் தெரியும்.

எனக்கு மேலே இருக்கும் தட்டு ஆறு மாதமாகக் காலி. ஆனாலும் பலகை வளையும். அறைக்குப் பொறுப்பான நெனிதா அக்காவிடம் சொன்னேன்.

"பேயா இருந்தாலும் சரி, வாடகை குடுக்கச் சொல்லுடி," என்றார்.

போன வாரம் என் தங்கை ஜோவெலின் வேலை தேடி வந்து இறங்கினாள். பெட்டியை இழுத்துக்கொண்டு மாலைவரை தெருத் தெருவாக அலைந்தோம். எங்கள் கைக்கு எட்டும் வாடகையில் வேறு இடம் இல்லை. பலகை வளைவதைச் சொல்லாமல் அவளை மேலே ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் பூண்டுச் சோறு வதக்கும்போது கேட்டேன். "தூங்கினியாடி?"

"நல்லாத் தூங்கினேன்க்கா. மேல ஒருத்தங்க இருக்காங்கன்னு நீ சொல்லவே இல்லையே! சுவரோரமா ஒதுங்கிப் படுத்து எனக்கு எடம் குடுத்தாங்க."

கரண்டி என் கையிலேயே நின்றது.

ஜோவெலின் குரலைத் தாழ்த்தினாள். "நெனிதா அக்காகிட்ட சொல்லிடாதக்கா, அவங்கள வெளிய அனுப்பிடுவாங்க. பாவம், இந்த வாடகைக்கு அவங்களுக்கும் வேற எடம் கெடைக்கலையாம்."