இருபத்தெட்டு வருட பெல்ட்

“இந்த பெல்ட் அந்துச்சின்னா இஞ்சின் அங்கேயே செத்துரும் அங்கிள். அப்புறம் பழைய இரும்புக்காரன்தான் வந்து எடைக்கு எடுத்துக்கிட்டுப் போவணும்லா” என்றார் மெக்கானிக் ஆம்புரோஸ், வேனின் முன் இருக்கையைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தபடி.

“இருபத்தெட்டு வருசம் அறாதது இண்டைக்கா அறப்போகுது?” என்றார் கதிரவேலு. குரலில் வீறாப்பு இருந்தது. கை மட்டும் வேனின் கதவை விடவே இல்லை.

“கடைசியா எப்ப மாத்துனீங்க?”

“மாத்தவே இல்லை.”

ஆம்புரோஸ் தலையை வெளியே எடுத்தார். “அலாமா! மீட்டர் நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம் காட்டுது. லட்சத்துக்கு ஒருக்கா மாத்தணும் அங்கிள். உள்ள ரெண்டு பெல்ட் இருக்கு. சின்னது அந்துச்சின்னா பெருசுல போய் மாட்டும். அப்புறம் வால்வும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நொறுங்கிரும். யாருமே தொடலியா?”

“ஓடுற இஞ்சின்ல கை வைக்கக் கூடாது. அதுதான் என்ர கொள்கை. இது முருகன் பார்த்துக்கொள்ளுற வேன், தம்பி. நாலு தரம் வேனையும் புஷ்பத்தையும் வீட்டில விட்டிட்டு, பிளேன் ஏறிப் பழனிக்கு யாத்திரை போனனான். நாலு தரமும் திரும்பி வந்த உடன இந்த பெல்ட் மூடியில திருநீறு பூசினனான். அடுத்த நாளே இஞ்சின் சத்தம் மாறிப்போகும், புதுசு மாதிரி! என்ன புஷ்பம், சொல்லன்!”

“ஓம், ஓம்” என்றார் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்த புஷ்பராணி. மடியில் இருந்த பிளாஸ்க்கை ஆம்புரோஸிடம் நீட்டினார். “தம்பி, இந்த மூடியை ஒருக்காத் திறந்து தாங்கோ.”

பிளாஸ்க்கின் வயிற்றில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அதில் அன்றைய தேதி, அடியில் இரண்டு கோடு.

“ஆன்ட்டி காப்பிக்குக்கூடத் தேதி போடுவாங்களா?”

“மிளகாய்த்தூள் போத்தலுக்கும் போடுவா. தையல் டீச்சர் எல்லே, எல்லாத்துக்கும் அளவும் கணக்கும்” என்று சிரித்தார் கதிரவேலு.

சிரிப்பு நிலைக்கவில்லை. மகன் மிதுலன் காலையில்தான் போனில் கறாராகச் சொல்லியிருந்தான்: “திறந்து பாருங்க அப்பா. பெல்ட் நைஞ்சு கிடந்தா வேனை வித்துடணும். இந்த வயசுல கெரிக் காட்டு ரோட்டுல, யானைக்கு நடுவுல நீங்க ரெண்டு பேரும் நிக்க வேணாம்.” கதிரவேலுவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். உள்ளே கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்து அவரே இழைத்த வேன். நாளைக் காலை அந்தக் காட்டு ரோடு வழியே கிளந்தானுக்குப் புறப்பட அரிசி, பருப்புகூட ஏற்றியாகிவிட்டது.

எல்லாம் இந்தப் புஷ்பத்தால் வந்தது. இத்தனை வருடம் வேனைப் பற்றி வாயே திறக்காதவர், மூன்று மாதமாக ஒரே பாட்டு: “ஒர்க்‌ஷாப்பில விட்டு பெல்ட்டை மாத்துங்கோ.”

குனோங் ராபாட் மலையின் நிழல் பட்டறைக் கூரையை விட்டு விலகும்வரை வேலை நடந்தது. விசிறி கழன்றது. சாப்பாட்டுத் தட்டு அளவிலிருந்த பெரிய கப்பியும் வந்தது. கடைசியாக, திருநீறு படிந்த அந்தக் கறுப்பு மூடியை ஆம்புரோஸ் இழுத்தார்.

கதிரவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆம்புரோஸ் டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

“தம்பி... நைஞ்சிட்டுதா?”

“அங்கிள், இங்க வாங்க.” ஆம்புரோஸின் குரல் இறங்கியிருந்தது. “இதைப் பாருங்க. ஒரு பல் போவல. ஒரு நூல் பிரியல. சின்ன பெல்ட்டும் அப்படியே இருக்கு. இருபத்தெட்டு வருசம்! நான் இந்த மாதிரி நூறு இஞ்சினுக்கு மேல பிரிச்சிருக்கேன், இப்படி ஒண்ணு பார்த்ததே இல்ல.” கிரீஸ் கையோடு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

பக்கத்து டயர் கடையிலிருந்து அர்ச்சுனன் ஓடிவந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். “எங்க அண்ணே, அந்தத் திருநீறு கொஞ்சம் மிச்சம் இருக்கா?”

கதிரவேலுவுக்கு உடம்பு புல்லரித்தது. கண்ணீர் வழிய, அந்த பெல்ட்டை ஒரு விரலால் தொட்டார். முருகா! உலகத்தில் எத்தனையோ வேன் இருக்க, என்னுடைய இந்தத் தகர டப்பாவையா தேர்ந்தெடுத்தாய்?

“மிதுலனைக் கூப்பிடு புஷ்பம்! வேனை விக்கிறதில்லை எண்டு சொல்லு!”

புஷ்பராணி காப்பியை ஒரு வாய் குடித்தார். “காப்பி ஆறுது, குடியுங்கோ.”

“அங்கிள்...” ஆம்புரோஸ் மூடியைத் துடைப்பதற்காகத் திருப்பியிருந்தார். “உள்பக்கம் என்னமோ வெள்ளையா எழுதியிருக்கு.”

கதிரவேலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். திருத்தும் வெள்ளை மையால் எழுதிய நான்கு தேதிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அன்றைய கிலோமீட்டர் கணக்கு. நான்கும் அவர் பழனியில் இருந்த நாட்கள். ஒவ்வொரு தேதிக்கும் அடியில் இரண்டு கோடு.

அவர் மெல்லத் திரும்பினார். “புஷ்பம்... நீ பள்ளிக்கூடத்தில தையல்தானே படிப்பிச்சனி?”

“தையல் நாலாம் பீரியட், இஞ்சின் ஐஞ்சாம் பீரியட். ரெண்டும் என்ர வகுப்புத்தான்” என்றார் புஷ்பராணி, வீங்கிய விரல் மூட்டுகளை நீவியபடி. “இந்த முறைதான் விரல் மடங்குதில்லை.”