உட்காராத வரை

போலீஸ் ஜீப் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. வீட்டு வாசல் வரை வரவில்லை.

அடுப்படி ஜன்னலில் இருந்து அதைப் பார்த்ததுமே இவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

துக்கச் சேதி சொல்லப் போகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும். ஜீப்பை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் வீட்டுக்குத் தெரியும் முன்பே தெருவுக்குச் சேதி தெரிந்துவிடும், அது பாவம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் போலீஸ் புத்தகத்தில் கிடையாது. போலீஸ்காரரான இவள் புருஷன் போட்ட சட்டம்.

அந்தச் சின்ன ஊரில் எந்த வீட்டுக்குச் சாவுச் சேதி போனாலும் அவர் வாயால்தான் போகும். மற்றவர்கள் போனில் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். இவர் வழியில் கோவில் வாசலில் நின்று கண்ணை மூடி, சொல்லப்போகிற வாய்க்குத் தெம்பு கேட்டுவிட்டுப் போவார்.

அதனால் அவர் தெருவில் வந்தாலே எல்லார் கண்ணும் தொப்பிக்குத்தான் போகும். தலையில் இருந்தால் நிம்மதி. ஒரு நாள் வெயில் தாங்காமல் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "ஐயா, அத மொதல்ல தலையில வைங்க, வயித்தக் கலக்குது!" என்று சலூன்காரர் கத்திய கத்தலில், பாதிச் சவரத்தில் இருந்தவர் எழுந்தே விட்டார்.

அன்றிலிருந்து நெருப்பாய் வெயில் அடித்தாலும் அவர் கழற்றுவதில்லை. தொப்பிக்காரர் என்று பெயர் விழுந்தது. முன்மண்டையில் முடியும் விழுந்தது. அதற்கு ஊர்க்காரர்களிடம் நஷ்டஈடு கேளுங்கள் என்று இவள் கேலி செய்வாள்.

இப்போது நடந்து வருகிறவள் அவரிடம் வேலை பழகிய பெண் போலீஸ். வாயும் வயிறுமாக இருக்கிறாள். வாய்க்குப் பிடித்ததாக ஏதாவது செய்து இவள் அவரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம்.

அந்தப் பெண் கோவில் வாசலில் நின்றாள். கண்ணை மூடினாள்.

வேறு யார் வீட்டுக்கோ, பாவம், என்று இவள் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டையும் தாண்டியாகிவிட்டது. கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

தன் தொப்பியை அந்தப் பெண் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். கையில் இருந்தது வேறு தொப்பி. வியர்வை உறிஞ்சுவதற்காக இவள் உள்ளே பழைய துணி வைத்துத் தைத்துக் கொடுத்தது.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் மனசு கொஞ்சம் தன்னைத் தயார் செய்துகொள்ளும் என்பார். இவள் எடுத்து வந்தாள். பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. மனசு ஒன்றும் தயாராகவில்லை.

"உட்காருங்கம்மா."

"இருக்கட்டும்."

கடைசிச் சட்டம் அதுதான். நிற்கிற ஆளிடம் சொல்லக் கூடாது. உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வேண்டும். அதுவரை வந்தவரும் உட்காரக் கூடாது.

இவளை விட அதை நன்றாக அறிந்தவர் யார்? அந்தச் சட்டம் பிறந்ததே இவள் மோவாயில்தான்.

அவர் புதிதாக வேலைக்கு வந்திருந்த காலம். முதன்முதலாகச் சாவுச் சேதி சொல்ல வந்தது இவள் வீட்டுக்கு. தண்ணீர் வாளியோடு வாசலில் நின்றவளிடம், உங்கள் அப்பா போய்விட்டார் என்று நின்ற வாக்கிலேயே ஒப்பித்துவிட்டார். இவள் படியில் விழுந்து மோவாய் கிழிந்தது. அவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிறகு காயம் எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தார். தையல் பிரித்த பிறகும் வந்தார். தழும்பே மங்கிப்போன பிறகும் காயம் பார்க்க வந்த ஒரே ஆள் அவர்தான். வேறு வழியில்லாமல் கட்டிக்கொண்டேன் என்று இவள் பிள்ளைகளிடம் சொல்வாள்.

இனி யாரையும் நிற்க வைத்துச் சொல்லமாட்டேன் என்று அந்தத் தழும்பைத் தொட்டுத்தான் அவர் சத்தியம் செய்தார்.

அதனால் இவள் நின்றாள். நிற்கும் வரை இந்தப் பெண் வாயைத் திறக்க முடியாது. அவள் சொல்லாத வரை ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட வருவார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது.

காலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது கும்பிட்டது நினைவுக்கு வந்தது. அவர் பழக்கிவிட்ட பழக்கம். யாராக இருந்தாலும் காப்பாற்று சாமி என்று பொதுவாகத்தான் வேண்டியிருந்தாள். அவர் பெயரைச் சொல்லி வேண்டாமல் போனோமே என்று நினைத்தாள்.

"அம்மா... உட்காருங்களேன்."

இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

எதிரே நின்ற பெண் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். கை இடுப்பைத் தாங்கியது. பாதம் வீங்கி ஷூவுக்கு மேல் பிதுங்கியிருந்தது. உதடு வெளுத்து, கண் சொருகுவது போல் இருந்தது. ஆனாலும் அசையவில்லை. தொப்பிக்காரர் பழக்கிய பிள்ளை, விழுந்தாலும் விழுவாளே தவிர உட்காரமாட்டாள்.

வாயும் வயிறுமாக இருப்பவளை இப்படி நிற்க வைத்தாயா என்று அவர் வந்ததும் கோபித்துக்கொள்வார் என்று இவள் நினைத்தாள்.

பிறகு, இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

ஒன்றை அந்தப் பெண் பக்கம் தள்ளிவிட்டு, மற்றதில் உட்கார்ந்தாள்.