காது கிழிந்த ஆடு

தோட்டத்தில் பத்து ஆடு மேய்ந்தால் பங்களாவும் பண்ணைதான், வரி கிடையாது. இந்த ஓட்டையை அடைத்தால் பட்ஜெட்டில் விழும் துண்டு பாதியாகும் என்று வரி அதிகாரியே சோதனைக்குக் கிளம்பியிருந்தார்.

மூன்றாவது பங்களாவிலும் அதே காது கிழிந்த ஆடு நின்றது.

கூட நின்ற ஆட்டுக்காரரை அதிகாரி ஓரமாக அழைத்தார். "வாடகைக்கு விடுறீங்களா?"

"ஆமாங்க. சோதனைன்னா ஓட்டிட்டு வரச் சொல்லுவாங்க."

"வெட்கமே இல்லாத ஜனங்க. ஒரு வீடு விடாம எழுதுங்கம்மா," என்றார் கூட வந்த உதவியாளரிடம். ஆட்டுக்காரரிடம் திரும்பினார். "அடுத்து எந்த வீடு?"

ஆட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நாளைக்கு உங்க வீடுதாங்க. கூடத்துல உங்க போட்டோவைப் பார்த்திருக்கேன். நீங்க ஆபீஸ் கிளம்பினதும் வரச் சொல்லி உங்க வீட்டம்மா முன்பணமே குடுத்துட்டாங்க."



உதவியாளர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "இதையும் எழுதிக்கட்டுமா சார்?"