கழுவாத பூட்ஸ்

எண்ணெய்க் கிணற்றுக் கழிவைத் தின்னும் பாக்டீரியாவைக் குழியில் விட்டு, சேற்றைக் கிளறிக் கொடுப்பது அவன் வேலை. குழியில் எந்நேரமும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அன்று வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் பூட்ஸைக் கழுவாமலே வீட்டுக்கு வந்துவிட்டான்.

காலையில் மனைவி கத்தினாள். "என்னங்க, வாணலியில இருந்த எண்ணெய் எங்க?"

வாணலி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அடுப்படிச் சுவரின் பல வருஷப் பிசுக்கையும் காணோம்.

"நல்லதாப் போச்சு, உனக்குத் தேய்க்கிற வேலை மிச்சம்."

"சிரிக்காதீங்க. கீழ பாருங்க, ச்சீ!"

சளிபோலக் கொழகொழவென்று ஒரு தடம் பூட்ஸிலிருந்து அடுப்புக்கும், அங்கிருந்து தொட்டிலுக்கும் போயிருந்தது.

இரவு எண்ணெய் தடவிய குழந்தையின் மேனி, யாரோ நக்கி எடுத்ததுபோல் வறண்டிருந்தது. பதறி அள்ளினான். அது பொக்கை வாயைத் திறந்து சிரித்து, அவன் முகத்திலேயே ஏப்பம் விட்டது.

அவன் தினமும் முகரும் நாற்றம்தான்.