டிபனுக்கு ஒரு வழி

“ஆறு மணிக்குப் பதிலா எட்டு மணிக்கு வரட்டுமாக்கா? பாப்பாவுக்குத் தலை பின்னி இஸ்கூலுக்கு அனுப்ப ஆளில்ல” என்று சமையல்காரி செல்வகுமாரி கேட்டதும் ஜெயப்பிரியா முகம் சுளித்தாள்.

“அப்போ காலை டிபன்?”

“டவுன்ல வெள்ளைக்காரங்க வூட்டுல கத்துக்கிட்டது ஒண்ணு இருக்குக்கா. பிரெட்டைப் பிச்சுப் போட்டு, முட்டையும் பாலும் அடிச்சு ஊத்தி, சீஸ் தூவி, சாயங்காலமே ஃபிரிட்ஜ்ல வச்சிட்டுப் போறேன். காலைல நீங்க ஓவன்ல தள்ளினா போதும்.”

வீட்டில் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. “எனக்கும் சொல்லிக் குடு செல்வி. என்னிக்காவது நீ வரலன்னா?” என்றாள் ஜெயப்பிரியா. செல்வகுமாரி எதையும் ஒளிக்காமல் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள்.

பத்து நாள் மகளுக்கு இரட்டைச் சடை பின்னி அனுப்பினாள். பதினோராம் நாள் ஜெயப்பிரியா சொன்னாள்: “இனிமே நீ அலைய வேணாம். டிபன் நானே செஞ்சிடறேன். மதியத்துக்கு ஆபீஸ் கேன்டீன் இருக்கு.”

“அப்போ நான் வரவே வேணாமாக்கா?” என்றாள் செல்வகுமாரி.

“இன்னாத்துக்குக் கலங்கற? உன் சமையலப் பத்தி தெரு முழுக்கச் சொல்லியிருக்கேன். கோடி வூட்டு டீச்சரம்மா ஆள் தேடினாங்க, போய்ப் பாரு.”

வாசலில் அவளைக் கண்டதும் டீச்சரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“செல்வி நீதானா? உன்னப் பாக்கணும்னே இருந்தேன். உன் பிரெட் டிபன ஜெயா எழுதிக் குடுத்தா, நானே செஞ்சிட்டேன். இனிமே எனக்கு ஆளே வேணாம். உட்காரு, ஒரு துண்டு தின்னு பாத்து, உப்பு சரியான்னு சொல்லிட்டுப் போ.”