பதினேழாம் எண் வாசற்கால்

பாலாற்று வெள்ளம் கீழத்தெருவை அறுத்துக்கொண்டு போன வருஷம், எல்லோரும் முதலில் கதவுகளைத்தான் கழற்றினார்கள். ஆறு கரையை மாற்றும்போதெல்லாம் கதவோடு குடிபெயர்வது அந்த ஊர் வழக்கம். எல்லம்மாளின் புருஷன் முனிரத்தினம் கதவைத் தலையில் சுமந்து வந்து மேட்டில் இறக்கிவிட்டு, வாசற்காலை எடுத்துவர மறுபடி கீழே போனான். திரும்பவில்லை.

அதற்கப்புறம் ஐந்து வருஷமாக ஆற்றில் வெறும் மணல்தான். மேட்டில் குடிசை போட்டுக்கொண்ட எல்லம்மாள், வாசற்கால் இல்லாத அந்தக் கதவை ராத்திரியில் சாத்தி வைப்பாள், காலையில் நகர்த்தி வைப்பாள்.

இரண்டாயிரத்து ஒன்று பிப்ரவரியில் ஒரு காலை கதவை நகர்த்தியபோது, வெளிச்சுவரில் அந்த வாசற்கால் சாய்ந்திருந்தது. பழைய வீட்டு எண் பதினேழு அதில் அழியாமல் இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் ஜானகிராமன் அதன் பக்கத்தில் நின்றுதான் கேட்டார்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

“நான் ஒருத்திதான் சார்.”

“வாசக்கால் புதுசா? ஈரமா இருக்கே.”

“பழசுதான் சார். இப்பதான் வந்து கீது.”

ஒன்று என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

வெயில் ஏறியும் அது காயவில்லை. இரண்டு ஆள் பிடித்தால்தான் அதை நிறுத்த முடியும். யாரைக் கூப்பிடுவது என்று எல்லம்மாளுக்குத் தெரியவில்லை. சும்மா பார்ப்போமே என்று ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

மறுபக்கமும் கூடவே எழுந்தது. அவள் பக்கத்தைவிட ஒரு சாண் உயரமாக.

“உன் பக்கம் கொஞ்சம் எறக்குய்யா,” என்றாள்.

இறங்கியது.